ஏழாம் நாள் வெள்ளைச் சேலை

சோட்டுக்காரிகளே, போன வாரம் நாம நடந்து முடிச்சு உக்காந்திருந்தப்ப ஒருத்தி, தன் பேத்தி அனுப்புனதுன்னு போன்ல ஒண்ணு போட்டுக் காட்டுனா. புத்தர் கோயில்ல ஓதுததாம், காலையில எந்திரிச்சதும் கேட்டா ரத்தக் கொதிப்பு எறங்குமாம், மூட்டுவலி கொறையுமாம். நீங்க எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டிய. நான் பாதியில எந்திரிச்சுப் போயிட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போனேன்னு ஒரு பேச்சு ஓடுதாம், என் காதுக்கும் வந்துச்சு. கோவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீங்க கேட்டதுக்குப் பேரு பிரித். எங்கம்மா ஓதுனது. அம்மா போன பெறகு அந்தச் சத்தம் என் காதுல விழவே இல்ல, அன்னைக்குத் திடீர்னு விழவும் இருப்புக் கொள்ளல. இத்தன வருசமாக் கூடவே நடக்குதிய, எங்கம்மா சிங்களத்தின்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல நான். இப்பச் சொல்லுதேன். குறுக்க பேசாமக் கேளுங்க.

எங்கப்பா இந்தச் சங்கரன்கோவில்காரருதான். பன்னெண்டு வயசுல சிலோனுக்குப் போயி, பலசரக்குக் கடையில பொட்டலம் மடிச்சு, பொறவு சொந்தமாக் கடை போட்டவரு. அந்தக் கடைக்குத் தேங்காண்ணெய் வாங்க வந்தவதான் எங்கம்மா. அங்க கலவரம் வந்து கடை எரிஞ்சப்ப எனக்கு ஒம்போது வயசு. ஒரு டிரங்குப் பெட்டி, ரெண்டு தலகாணி, ஒரு பித்தளைச் செம்பு, அவ்வளவுதான் மிச்சம். கப்பலேறி, ரயிலேறி இங்க வந்து அத்தை வீட்டுல எறங்குனோம்.

அத்தைன்னா அப்பாவுக்கு மூத்தவ. தாய் இல்லாத தம்பியத் தூக்கி வளத்தவ. இருபத்திரெண்டு வயசுல தாலியறுத்துட்டா. அன்னையில இருந்து வெள்ளைச் சேலைதான், ஒருத்தர்கிட்ட கையேந்தாம மொளகா வத்தல் யாபாரம் பண்ணிப் பொழச்சா. திருவேங்கடம் சந்தையில மூடை மூடையா வாங்கிட்டு வந்து முன் அறையில அடுக்கி வச்சிருப்பா. அந்த வீட்டுக்குள்ள காலு வச்சா மொத தும்மல், பொறவுதான் பேச்சு. வந்த அன்னைக்கு நாங்க மூணு பேரும் தும்முன தும்மல்ல, "சிலோன்ல வத்தலே கெடையாதா"ன்னு அத்தை கேட்டா. அப்பா சிரிச்சாரு. அதுக்குப் பொறவு ரொம்ப நாளு அவரு சிரிக்கல.

சித்திரையில கட்டில்ல படுத்தவருதான். காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. சோத்தக் கொண்டு வச்சா ரெண்டு வாய் தின்னுட்டுச் செவரு பக்கமாத் திரும்பிக்கிடுவாரு. பேசச் சொன்னா பேச மாட்டாரு. வைகாசி போயி ஆனி போச்சு, வெலா எலும்ப எண்ணிரலாம் போல ஆயிட்டாரு. டாக்டர் வந்து நாடி பாத்தாரு, நெஞ்சுல வச்சுப் பாத்தாரு. "எந்த வியாதியும் தட்டுப்படல. இவரா மனசு வச்சு எந்திரிச்சுத் தின்னாப் பொழப்பாரு, இல்லன்னா இந்த ஒடம்பு ரொம்ப நாள் தாங்காது"ன்னு சொல்லிட்டு ஒரு டானிக் எழுதிக் குடுத்தாரு. அதை அம்மா எனக்குச் சிங்களத்துல திருப்பிச் சொல்லி, சரியாத்தானே வெளங்கிக்கிட்டேன்னு கேட்டா. நான் தலைய மட்டும் ஆட்டுனேன்.

ஏன் தலைய மட்டும் ஆட்டுனேன்னு சொல்லணும். பள்ளிக்கூடத்துல என்னைச் சுத்தி நின்னுக்கிட்டு, "ஏட்டி சிலோன்காரி, சிங்களத்துல சொல்லு"ன்னு ஒவ்வொரு சாமானா எடுத்துக் காட்டுவாளுவ. நான் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாளுவ. ஒரு நாள் முடிவு பண்ணிட்டேன், எனக்கு அந்தப் பாசை மறந்து போச்சுன்னு. வீட்டுலயும் அப்படித்தான். அம்மா அதுல கேட்டா நான் தமிழ்ல பதில் சொல்லுவேன், இல்லன்னா தலையாட்டுவேன். அப்பாவும் பேச்ச விட்டுட்டாரு, நானும் விட்டுட்டேன். கடல் தாண்டி வந்தவளுக்குத் தன் பாசையில பேச ஒரு ஆளு இல்லாமப் போச்சு. ஒம்போது வயசுல அது எனக்குத் தோணல.

அத்தை தன்னால ஆனதெல்லாம் செஞ்சா. கோயில் புத்து மண்ணக் கொண்டு வந்து அப்பா நெத்தியில பூசினா, தண்ணியில கரைச்சுக் குடுத்தா. அம்மா அதுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அப்பா தலையத் தூக்கிப் பிடிச்சுக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்க வச்சா. ஆடி பொறந்து, கோமதியம்மன் தவசுத் திருவிழாவுக்குக் கொடியேறி, ஊரே திமிலோகப்பட்டுக்கிட்டுக் கெடந்தப்ப ஒரு நாள் காலையில அம்மா சொன்னா. "இன்னைக்கிருந்து ஏழு நாள் நான் போதி பூசை செய்யப் போறேன் மதினி. ஏழாம் நாள் பௌர்ணமி. இடையில நிறுத்தக் கூடாது."

"செய்யேன். யாரு வேண்டாம்னா"ன்னுட்டா அத்தை. அரச மரத்துக்குத் தண்ணி ஊத்தி வெளக்கு வைக்கதுதான்னு அம்மா சொல்லவும் அவளுக்கு ரொம்பச் சந்தோசம். நம்ம ஊர்ல பிள்ளை இல்லாதவளும் கல்யாணம் ஆகாதவளும் சுத்துத மரந்தான. தெருவு முடியுத எடத்துல ஊருணிக் கரையில ஒரு பெரிய அரச மரம் நின்னுச்சு, அடியில பிள்ளையாரும் ரெண்டு நாகர் கல்லும்.

சாயங்காலம் அம்மா குளிச்சு முடிச்சு டிரங்குப் பெட்டியத் தொறந்தா. பாச்சா உருண்டை வாசம் குப்புன்னு வந்துச்சு. உள்ள இருந்து ஒரு வெள்ளைச் சேலைய எடுத்தா. கரை இல்ல, புட்டா இல்ல, வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை. வெள்ளை ரவிக்கையும் போட்டுக்கிட்டா. அவுக ஊர்ல விகாரைக்குப் போற பொம்பளையள் எல்லாரும் அப்படித்தான் போவாக, புருசன் இருக்கவளும் சரி, பச்சப்பிள்ளையும் சரி. எனக்கு அது தெரியும், நானே வெள்ளைக் கவுன் போட்டுப் போயிருக்கேன். அத்தைக்கு எப்படித் தெரியும்? வத்தல் மூடைக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவ நிமிந்து பாத்தா. கையில இருந்த மொறம் கீழ விழுந்துச்சு.

"புருசன் உள்ள மூச்சோட கெடக்கான். என்னட்டி இது கோலம்?"

"பூசைக்கு வெள்ளைதான் மதினி கட்டணும். மனசு சுத்தமா இருக்கணும்னு கட்டுறது."

"கழட்டு அத. நான் கட்டிக்கிட்டு இருக்கது போதாதா இந்த வீட்டுல? இதக் கட்டிக்கிட்டு நான் பட்டது போதாதா?"

அத்தை போட்ட சத்தம் எனக்கு இப்பவும் காதுக்குள்ள நிக்குது. அப்ப நான் அதக் கோவம்னு நெனச்சேன். அது பயம். கல்யாணமாகி ரெண்டே வருசத்துல அந்தச் சேலைய அவளுக்கு ஊரே சேந்து கட்டி விட்டுச்சு, அதே சேலைய ஒருத்தி தானா எடுத்துக் கட்டிக்கிட்டு நிக்கா. அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு எனக்கு நாப்பது வயசுக்கு மேலதான் வெளங்குச்சு. அம்மா செம்பையும் வெளக்கையும் எடுத்துக்கிட்டு நடந்துட்டா.

அந்தத் தெருவுல அன்னைக்கு ஒவ்வொரு கதவா அடைச்சதப் பாக்கணுமே. புதுசாக் கட்டிக் குடுத்த மகள ஆடிக்குக் கூட்டிட்டு வந்திருந்த ஒருத்தி, அந்தப் பிள்ளை கையப் பிடிச்சு உள்ள இழுத்துட்டா. நான் பத்தடி தள்ளி, யாரோ எவளோங்கற மாதிரிப் பின்னாலயே போனேன். அம்மா நிமிந்த தலை நிமிந்தபடி போனா.

ஏழு செம்புத் தண்ணி மரத்தைச் சுத்தி அடி மூட்டுல ஊத்தணும். அப்பா வயசுக்கு ஒண்ணா நாப்பத்திரெண்டு வெளக்கு. நம்ம ஊரு ஆடிக் காத்துல நாப்பத்திரெண்டு வெளக்கு ஏத்திப் பாருங்க, அப்பத் தெரியும். மூணு ஏத்துனா ரெண்டு அணைஞ்சிரும், கண்ணுல மண்ணு வேற. அம்மா அன்னைக்கு ரெண்டு தீப்பெட்டியக் காலி பண்ணிட்டா. மறுநாளு பழைய பானைய ஒடைச்சு ஓட்டுச் சில்ல எடுத்துட்டுப் போயி ஒவ்வொரு வெளக்குக்கும் ஒரு தடுப்பு வச்சா. அப்பவும் அணைஞ்சுது, அவளும் சளைக்காம ஏத்துனா. பிள்ளையாருக்கும் ஒரு வெளக்கு உண்டு, எங்க ஊர்லயும் இவரக் கும்பிடுவோம்னு சொல்லுவா.

பொறவு ஒரு வெள்ளை நூல எடுத்து ஒரு முனையத் தண்ணிச் செம்புல சுத்தி, இன்னொரு முனையக் கையில பிடிச்சுக்கிட்டு ஓதுவா. அங்கன்னா அந்த நூலு உக்காந்திருக்க ஒவ்வொருத்தர் கையா நீண்டு போகும், அம்பது பேரு இருந்தா அம்பது பேரும் பிடிச்சிருப்பாக. இங்க அவ ஒருத்திதான். மிச்ச நூல நாகர் கல்லுல ஒரு சுத்து சுத்தி வச்சிருந்தா. என்னையப் பிடிக்கக் கூப்பிட்டா. நான் கேக்காத மாதிரி ஊருணித் தண்ணியில கல்லு எறிஞ்சுக்கிட்டு இருந்தேன்.

கடைசியில ஒவ்வொரு பேராச் சொல்லி, "சுவபத் வேவா"ம்பா. சொகமா இருக்கணும்னு அர்த்தம். அப்பா பேரச் சொல்லுவா, என் பேரச் சொல்லுவா, அத்தை பேரச் சொல்லுவா, பொறவு எல்லா உசுரையும் சொல்லுவா. ஓதுன தண்ணிய வீட்டுக்குக் கொண்டு வந்து அப்பாவக் குடிக்க வச்சு, நெஞ்சுலயும் கால்லயும் தடவி விடுவா. அப்பா செவத்தப் பாத்துக்கிட்டுக் கெடப்பாரு.

மூணாம் நாளு அத்தை பின்னாலயே வந்திருக்கா. ஊருணிக் கரை உடைமுள்ளு மரத்துக்குப் பின்னால நின்னு பாத்திருக்கா. ராத்திரிச் சோறு போடும்போது என்னைய அடுப்பு மூலைக்கு இழுத்து, மெதுவாக் கேட்டா.

"உங்கம்மா என் பேரச் சொல்லி என்னமோ ஓதுதாளே, என்னட்டி அது?"

எனக்கு அந்த நிமிசம் என்ன தோணுச்சுன்னா, இதச் சொன்னா எனக்குச் சிங்களம் மறக்கலன்னு ஆயிரும். நாளைக்கு இவ தெருவுல சொல்லுவா, பள்ளிக்கூடம் வரைக்கும் போயிரும். "எனக்குத் தெரியாது அத்தை. மறந்து போச்சு"ன்னுட்டேன். அத்தை என் மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்தா. பிள்ளைக்கே சொல்ல வாய் வரலன்னா அது என்ன மந்திரமா இருக்கும்னு அவ நெனச்சிருக்கணும். மறுநாள்ல இருந்து அம்மா கொண்டு வாற தண்ணிய அப்பா வாயில வைக்கும்போதெல்லாம் அத்தை கட்டில் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருப்பா.

ஆறாம் நாளு போச்சு. ஏழாம் நாளு தவசு. மேலநீலிதநல்லூர், பனவடலிசத்திரம் பக்கம் இருந்தெல்லாம் சனம் வந்து எறங்குது, பஸ்ஸுக்கு மேலயும் ஆளு. அம்மா வெள்ளைச் சேலைய அலசிக் கொல்லையில காயப்போட்டுட்டுத் தண்ணிக்குப் போயிருந்தா. அத்தை என்னையக் கூப்பிட்டுக் கை நெறைய மஞ்சப்பொடியத் தந்தா.

"ஏட்டி, நான் சொல்லுதத நல்லாக் கேட்டுக்கோ. இன்னைக்கும் அவ வெள்ளையக் கட்டிட்டுப் போனா உங்கப்பன் பொழைக்க மாட்டான். ஏழாம் நாளுதான் பலிக்குத நாளு. மாரியம்மனுக்கு மஞ்சச் சேலை கட்டுதாள்வள்லா, அந்த மாதிரி ஆக்கிரு. உங்கம்மா வைவா, வாங்கிக்கோ. அப்பன் வேணும்லா ஒனக்கு?"

அப்பன் வேணும். தெருவுல கதவு அடைக்காமலும் இருக்கணும். ரெண்டுக்கும் சேத்துத்தான் நான் வாளியில முக்குனேன். ஆனா சாயம் ஒண்ணுபோலப் பிடிக்கல, அங்கன அங்கன திட்டுத் திட்டா நின்னுச்சு. பயந்து போயி வெளுத்துருவோம்னு சலவைச் சோப்பப் போட்டுத் தேச்சேன். சோப்பு பட்ட எடமெல்லாம் குங்குமம் மாதிரிச் செவந்து போச்சு. தேய்க்கத் தேய்க்கச் செவக்குது. மஞ்சளுக்குச் சோப்பு ஆகாதுன்னு எந்தச் சிறுக்கி எனக்குச் சொல்லிக் குடுத்தா? அம்மா தண்ணிக் கொடத்தோட வந்து நிக்கும்போது என் கையும் சிவப்பு, வாளியும் சிவப்பு.

அவ வையல. கொடத்த எறக்கி வச்சுட்டுச் சேலையப் பிழிஞ்சு விரிச்சுப் பாத்தா. மஞ்சப்பொடி அத்தை பூட்டி வச்சிருக்க பெட்டியிலதான் இருக்கும், அது அவளுக்குத் தெரியாதா? நேரா முன் அறைக்குப் போனா.

"மதினி, மஞ்சள் எங்க ஊர்ல துறவிமாரு கட்டுற நிறம். பொம்பளை நான் கட்டினாப் பாவம். எனக்கு உங்க சேலை ஒண்ணு குடுங்க."

அத்தை காதப் பொத்திக்கிட்டா. "என் சேலையா? தாலியோட இருக்கவ கேக்குத கேள்வியா இது? ஒரு நாளு செவப்போ பச்சையோ கட்டிக்கிட்டுப் போனாத்தான் என்ன?"

"ஆறு நாள் வெள்ளையில நின்னு கேட்டேன். ஏழாம் நாள் உங்க தெருவுக்குப் பயந்து மாத்திக்கிட்டேன்னா, நான் கேட்டது பொய்யாப் போகும். குடுங்க மதினி. குடுக்கலன்னா இந்த வாசல்லயே இருப்பேன்."

சொன்னபடியே உக்காந்துட்டா. பொழுது சாஞ்சுக்கிட்டு இருக்கு. தேரடியில இருந்து கொட்டுச் சத்தம் கேக்குது. அத்தை ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவுல வத்தல் மூடை. "என்னைய வச்சுச் செய்வினை செய்யுதவளுக்கு என் சேலை வேற வேணுமோ"ன்னா அத்தை. அம்மாவுக்குச் செய்வினைங்கற வார்த்தை தெரியாது. என்னையப் பாத்தா. என்ன சொல்லுதாகன்னு சிங்களத்துல கேட்டா.

ரெண்டு பேரும் என்னையப் பாக்காக. இனிமேயும் மறந்து போச்சுன்னு சொன்னா இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல எங்கப்பா செத்துப் போயிருவாருன்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. அம்மாகிட்ட அவ பாசையிலேயே பதில் சொன்னேன், அத்தை நினைக்கறத அப்படியே சொன்னேன். அம்மா வாயில கைய வச்சுக்கிட்டா. பொறவு அத்தை பக்கம் திரும்பி, "எனக்கு மறக்கல அத்தை. அன்னைக்குப் பொய் சொன்னேன். அம்மா ஒங்க பேரச் சொல்லி, அவுக நோய் நொடி இல்லாம, மனசுல துக்கம் இல்லாமச் சொகமா இருக்கணும்னு கேக்கா"ன்னேன்.

"எனக்கா?"

"ஆமா."

"என்னைக்கிருந்து?"

"மொத நாள்ல இருந்து."

"தம்பி பேருக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

"அது சரி. அவந்தான முடியாமக் கெடக்கான்"னா. சொல்லிக்கிட்டே இருக்கும்போது அவளுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. அம்மா தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல, "உங்க வீட்டுச் சோறு தின்னுட்டு உங்க பேர விட்டுட்டுக் கேக்க முடியுமா மதினி"ன்னா. அத்தை மூக்கச் சிந்திப் போட்டுட்டு, "என் வீட்டுக்காரரு போன பொறவு என்னைய நல்லா இருன்னு சொன்ன வாய் இந்த ஊர்ல ஒண்ணு கெடையாதுட்டி. நானே எனக்குக் கேட்டதில்ல"ன்னா. எந்திரிச்சுப் போயிப் பெட்டியத் தொறந்து, இன்னும் மடிப்புக் கலையாத ஒண்ண எடுத்துட்டு வந்தா. அம்மா மடியில வச்சா.

ஒளிஞ்சு வந்த அந்த மூணாம் நாளத் தவிர, அந்தி நேரத்துல அத்தை வாசல் தாண்டுனதில்ல. அன்னைக்கு எங்களோட வந்தா. ஒரே மாதிரி வெள்ளையில ரெண்டு பேரும் முன்னால போக, நான் ஒட்டிக்கிட்டே நடந்தேன், பத்தடி தள்ளி இல்ல. தவசு பாத்துட்டுத் திரும்புத சனம் ஒதுங்கி வழி விட்டுச்சு. ஒருத்தி நின்னு வாயப் பொளந்து பாக்கவும், "என்ன பாக்கிய? கோமதி தவசு இருந்தாக் கும்பிடுதிய, என் தம்பி பொண்டாட்டி இருந்தா ஆகாதோ"ன்னா அத்தை. அவ போயிட்டா.

நாப்பத்திரெண்டு வெளக்குக்கும் நானும் அத்தையும் குனிஞ்சு கையால அணை குடுத்தோம். நாகர் கல்லுல சுத்தியிருந்த நூல அவுத்து அம்மா அத்தை கையில குடுத்தா, அத்தை என் கையில குடுத்தா. அம்மா ஓத ஓத நான் ஒவ்வொரு வரியாத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன், சத்தமாவே சொன்னேன். எவளாவது கேட்டுட்டுப் போயிப் பள்ளிக்கூடத்துல சொல்லட்டும்னு இருந்துச்சு. ஊருணிக்கு அங்கிட்டு நெலா மேல வந்துச்சு. அந்தத் தண்ணியில என்ன இருந்துச்சு, எதுக்கு என்ன ஆச்சுன்னு என்கிட்ட கேக்காதிய. டாக்டருக்குப் படிச்ச என் மகன் கேட்டுட்டு ஒண்ணும் சொல்ல மாட்டான், சிரிப்பான். நடந்தத மட்டும் சொல்லுதேன்.

நாங்க தெரு திரும்பும்போது வீட்டு வாசல்ல ஒரு ஆளு கதவு நிலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கு. அப்பா. மூணு மாசமாக் கட்டில விட்டு எறங்காதவரு. வீட்டுல ஆள் அரவமே இல்ல, கூப்பிட்டிருக்காரு, ஒருத்தரும் வரல. செவரப் பிடிச்சுப் பிடிச்சு வாசல் வரைக்கும் வந்தவரு கண்ணுல, நெலா வெளிச்சத்துல வெள்ளைச் சேலையில வாற ரெண்டு பொம்பளை பட்டிருக்கு. மொகமெல்லாம் வேத்துப் போயிருந்துச்சு.

"அக்கா, யாரு? யாரு செத்துப் போனா?"ன்னாரு.

"ஒருத்தரும் சாகல. நீ சாகாம இருக்கதுக்குத்தாம்ல ரெண்டு பேரும் இதக் கட்டிக்கிட்டு அலையுதோம்"னா அத்தை. "உள்ள வா. சோறு திங்கலாம்."